எல்லாருக்கும் தொறந்து வச்ச லித்தோ பிரஸ்: பாப் பிளாக்பர்ன் பத்தி ஒரு முழு நிகழ்வு ஆய்வு

கம்யூனிட்டி ஆர்ட்னு பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். கலைஞன்னா தன் வேலையை ஒழுங்கா பண்ணட்டும், ஊர் சேவைக்கு வேற ஆள் இருக்காங்கன்னு ஒரு கட்சி. ஊர் ஜனத்துக்குப் பயன்படாத கலையை வச்சு என்ன பண்றதுன்னு இன்னொரு கட்சி. இந்தச் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்ற ஆள் நியூயார்க்ல இருந்த ராபர்ட் பிளாக்பர்ன், பழகினவங்க எல்லாருக்கும் பாப். 1920ல பிறந்து 2003ல செத்துப்போனார், நடுவுல ஐம்பது வருஷத்துக்கு மேல ஒரே அச்சுக்கூடத்தை நடத்தினார், யார் வந்தாலும் உள்ள விட்டார், அடுத்தவங்க படத்தை அச்சடிச்சுக் கொடுத்துக்கிட்டே தன் படத்தையும் பண்ணார். இவரை ஒரு தியாகி மாதிரி எழுதறவங்கதான் ஜாஸ்தி. எனக்கு அது ஒத்துக்கல. அவர் பண்ணது தர்மம் இல்ல, லித்தோங்கிற, அதாவது கல்லு மேல வரைஞ்சு அச்சடிக்கிற தொழிலுக்கே அப்படி ஒரு இடம் வேணும்ங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். அரசாங்கம் கொடுத்துட்டுப் பிடுங்கிக்கிட்ட ஒண்ணை ஒரு தனி ஆள் சொந்தத் தோள்ல தூக்கினா என்ன ஆகும்ங்கிறதுக்கும் இந்தக் கதையே கேஸ்.

ஹார்லெம்

அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜமைக்காவுல இருந்து வந்தவங்க. பையன் பிறந்தது நியூஜெர்சியில சம்மிட்ங்கிற ஊர்ல, வளர்ந்தது நியூயார்க்ல கறுப்பின ஜனங்க ஜாஸ்தியா இருந்த ஹார்லெம்ல. வளர்ற வயசுல 1930களோட கிரேட் டிப்ரஷன்ங்கிற பொருளாதார மந்தம், வேலை இல்ல, காசு இல்ல. ஆனா அதே வருஷங்கள்ல ஹார்லெம்ல கலை கத்துக்க ஒரு சின்னப் பையனுக்குக் கிடைச்ச வசதி, அதுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் ரொம்ப நாள் கிடையாது. 141வது தெருவுல 306ன்னு கதவு நம்பரை வச்சே கூப்பிட்ட ஒரு ஸ்டூடியோ, ஓவியர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன் நடத்தினது, அங்க ஜேக்கப் லாரன்ஸ் மாதிரி பசங்க ஒரு பக்கம் வரைஞ்சுக்கிட்டிருப்பாங்க, இன்னொரு பக்கம் எழுத்தாளருங்க உட்கார்ந்து வாதம் பண்ணிக்கிட்டிருப்பாங்க. சிற்பி அகஸ்டா சாவேஜ் அக்கம்பக்கத்துப் பசங்களைக் கூட்டி வச்சுக் கத்துக்கொடுத்தாங்க. அப்புறம் 1937 கடைசியில ஹார்லெம் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர் தொறந்தாங்க. ரூஸ்வெல்ட் அரசாங்கத்தோட வேலைவாய்ப்புத் திட்டம் ஒண்ணு இருந்துச்சு, சுருக்கமா டபிள்யூபிஏம்பாங்க, வேலையில்லாத கலைஞர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து வரையவும் கத்துக்கொடுக்கவும் வச்சது, இந்த சென்டரும் அந்தக் காசுலதான் ஓடுச்சு. திறப்பு விழாவுக்கு ஜனாதிபதியோட மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டே வந்தாங்க. சென்டரோட முதல் டைரக்டர் அகஸ்டா சாவேஜ்.

அங்கதான் ரீவா ஹெல்ஃபாண்ட்னு ஒரு டீச்சர் இந்தப் பையனுக்கு லித்தோகிராஃபி கத்துக்கொடுத்தாங்க. ஃபீஸ் கிடையாது. 1938ல அவர் பண்ண 'ரெஃப்யூஜீஸ்'ங்கிற படம் இன்னைக்கும் கண்காட்சிகள்ல வருது, ஒரு படகுல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கிற ஜனங்க. பதினேழு வயசுப் பையன் வேலைன்னு சொன்னா நம்ப முடியாது, கல்லுல அந்தச் சாம்பல் நிறத்தைப் படிப்படியா கொண்டுவர்றது அவ்ளோ லேசு இல்ல.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த சென்டர்ல பிரஸ் இருந்துச்சு, கல்லு இருந்துச்சு, மை இருந்துச்சு, கத்துக்கொடுக்கிறவங்களுக்கு சம்பளம் அரசாங்கம் கொடுத்துச்சு. பையன் கொண்டு போக வேண்டியது கையும் ஆர்வமும் மட்டும்தான்.

லித்தோவைத் தனியா வீட்ல வச்சுப் பண்ண முடியாது

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இது புரியலைன்னா பிளாக்பர்ன் ஏன் ஒர்க்ஷாப் ஆரம்பிச்சார்னே புரியாது, வெறும் நல்ல மனுஷன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

ஓவியம் வரைய ஒரு மூலை போதும். மரத்துல செதுக்கிற வுட்கட்டும் லினோலியம்ல செதுக்கிற லினோகட்டும் கூட சமாளிக்கலாம், பிரஸ் இல்லாட்டியும் கரண்டியோட முதுகால தேய்ச்சு ஒரு பிரதி எடுத்துடலாம். லித்தோ அப்படி இல்ல. அதுக்கு வேணும்கிறது ஒரு வகை சுண்ணாம்புக்கல்லு, நல்லது ஜெர்மனியில பவேரியாவுல கிடைக்கும், பெரிய சைஸ்னா ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். அதுல போன ஆள் வரைஞ்ச படம் இருக்கும், அதைக் கார்போரண்டம் பொடியும் தண்ணியும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தாதான் புது படம் வரைய முடியும், தோள்பட்டை கழண்டுடும். அப்புறம் எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானாலயோ மையாலயோ கல்லு மேல வரையணும். அது மேல கோந்துல கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் கலந்து பூசணும், அப்பதான் கல்லுல வரைஞ்ச இடம் எண்ணெயை இழுக்கும், வரையாத இடம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அச்சடிக்கும்போது ஒருத்தர் ஈர ஸ்பாஞ்சால கல்லைத் துடைச்சுக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் ரோலர்ல மை ஏத்தணும், ஈரம் காஞ்சுடுச்சுன்னா மை எல்லா இடத்துலயும் ஒட்டி படமே நாசம். பேப்பர் வச்சு, பிரஸ்ல தள்ளி, எடுத்து, மறுபடி துடை, மறுபடி மை. கலர் வேணும்னா ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா வரையணும், தனித்தனியா அடிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு இம்மி பிசகாம உட்காரணும்.

ஆக இது பிறவியிலேயே ரெண்டு பேர் தொழில். பிரஸ் விலை, கல்லு விலை, இடத்து வாடகை எதையும் ஒரு இளம் ஓவியனால தாங்க முடியாது. அப்ப நியூயார்க்ல ஓவியர்களுக்கு லித்தோ அடிச்சுக் கொடுக்க ஜார்ஜ் மில்லர் மாதிரி தேர்ந்த பிரிண்டருங்க இருந்தாங்க, ஆனா நீங்க வரைஞ்சு கொடுக்கணும், அவங்க அடிச்சுத் தருவாங்க, நடுவுல நின்னு இந்த மையைக் கொஞ்சம் மாத்திப் பார்ப்போமான்னு விளையாட எல்லாம் வசதி கிடையாது. காசும் ஆகும்.

டபிள்யூபிஏ அந்த ஓட்டையைத்தான் அடைச்சிருந்துச்சு. போர் வந்ததும் 1943ல திட்டத்தையே இழுத்து மூடிட்டாங்க. ஹார்லெம் சென்டரும் போச்சு.

செல்சீ, 17வது தெரு

பிளாக்பர்ன் அந்த நேரம் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்ங்கிற நியூயார்க் ஓவியப் பள்ளியில ஸ்காலர்ஷிப்ல படிச்சு முடிச்சிருந்தார், 1940ல இருந்து 43 வரைக்கும். அங்க லித்தோ பக்கம் பார்த்துக்கிட்டது வில் பார்னெட். வாத்தியார் மாணவன்னு ஆரம்பிச்சது கடைசி வரைக்கும் நட்பா போச்சு. அப்புறம் நாலஞ்சு வருஷம் கிடைச்ச வேலையைப் பார்த்து ஓட்டிட்டு, 1947-48 வாக்குல மன்ஹாட்டன்ல செல்சீ பக்கம் 17வது தெருவுல ஒரு இடம் பிடிச்சு, ஒரு லித்தோ பிரஸ் வாங்கிப் போட்டு, நண்பர்களைக் கூப்பிட ஆரம்பிச்சார். பின்னாடி அதுக்குப் பேர் பிரிண்ட்மேக்கிங் ஒர்க்ஷாப்.

1947ல ஒரு கறுப்பின இளைஞன் டவுன்டவுன்ல இடம் பிடிச்சு, வெள்ளைக்காரன் கறுப்பின ஆள் ஆசியாக்காரன்னு பார்க்காம எல்லாரையும் ஒரே பிரஸ்ல வேலை பார்க்க விடறதுங்கிறது சாதாரண விஷயம் இல்ல. அமெரிக்காவுல ஸ்கூல்ல இனப்பிரிப்பு செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வர்றதுக்கே 1954 ஆச்சு. ஆனா பிளாக்பர்ன் ஒண்ணும் கொடி பிடிச்சு அறிக்கை விட்டதா தெரியல. ரெண்டு பேர் தொழில்ல பக்கத்துல நின்னு ஸ்பாஞ்ச் பிடிக்கிறவன் யாருன்னு பார்த்துக்கிட்டிருக்க முடியாதுல்ல.

1951-52ல வில் பார்னெட்டும் இவரும் சேர்ந்து பண்ண கலர் லித்தோக்கள் அன்னைக்கு அமெரிக்காவுல யாரும் பெருசா தொடாத ஏரியா. அப்ப அங்க லித்தோன்னா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், கலர் லித்தோ காலண்டருக்கும் விளம்பரத்துக்கும்னு ஒரு எண்ணம். அதுக்கு முன்னாடியே, 1950ல, பிளாக்பர்ன் தன் கைக்குன்னு பண்ண 'கேர்ள் இன் ரெட்' பாருங்க, உருவம் இருக்கு ஆனா கரைஞ்சுக்கிட்டே இருக்கு, அடுத்த பத்து வருஷத்துல அவர் எங்க போகப்போறார்ங்கிறது அதுலயே தெரியுது.

1953ல ஃபெலோஷிப் ஒண்ணு கிடைச்சு பாரிஸ் போனார், ஒரு வருஷத்துக்கு மேல ஐரோப்பாவுல இருந்தார். இந்த இடம்தான் எனக்கு இந்தக் கேஸ்ல ரொம்பப் பிடிச்சது: ஆள் ஊர்ல இல்ல, ஆனா ஒர்க்ஷாப் மூடல. வந்து போய்க்கிட்டிருந்த நண்பர்கள் கூட்டுறவு மாதிரி காசு போட்டு நடத்தினாங்க. அதாவது அதுக்குள்ள அந்த இடம் அவரோட சொந்தச் சொத்துங்கிற நிலையைத் தாண்டிடுச்சு. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி 2001க்கு வரும்போது இது வேணும்.

பெரிய பேருங்களுக்கு அடிச்சுக் கொடுத்த காலம்

1957ல டாட்டியானா கிராஸ்மன்னு ஒரு அம்மா, ரஷ்யாவுல பிறந்து ஐரோப்பாவுல நாஜிகள்கிட்ட இருந்து தப்பி வந்தவங்க, லாங் ஐலண்ட்ல வெஸ்ட் இஸ்லிப்ங்கிற ஊர்ல தன் வீட்லயே ஒரு லித்தோ ஸ்டூடியோ ஆரம்பிச்சாங்க, பேரு யூனிவர்சல் லிமிடெட் ஆர்ட் எடிஷன்ஸ். வீட்டு முன்னாடி நடைபாதையில பதிச்சிருந்த ரெண்டு கல்லு லித்தோ கல்லுன்னு கண்டுபிடிச்சு அதுல இருந்து ஆரம்பிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. கல்லு கிடைச்சுடுச்சு, ஆனா அச்சடிக்க ஆள்? அவங்க கூப்பிட்டது பிளாக்பர்னை. அந்த ஸ்டூடியோவோட முதல் மாஸ்டர் பிரிண்டர் இவர்தான், 1963 வரைக்கும் அங்க வேலை, முதல் 79 எடிஷன், அதாவது ஒரு படத்துக்கு எண்ணி அடிக்கிற பிரதித் தொகுப்பு, இவர் கையில அடிச்சது.

யார் யாருக்கு அடிச்சார்னு பாருங்க. ஓவியர் லாரி ரிவர்ஸும் கவிஞர் ஃபிராங்க் ஓஹாராவும் ஒரே கல்லுல படமும் கவிதையுமா சேர்ந்து பண்ண 'ஸ்டோன்ஸ்'. ஜாஸ்பர் ஜான்ஸோட முதல் லித்தோ, 1960ல பண்ண 'டார்கெட்'. அப்புறம் கிரேஸ் ஹார்டிகன், ஹெலன் ஃபிராங்கன்தாலர், ராபர்ட் ராஷன்பெர்க். அமெரிக்காவுல அறுபதுகள்ல அச்சுக் கலைக்கு ஒரு மறுபிறப்பு வந்துச்சுன்னு எல்லாப் புத்தகமும் எழுதும். அதோட ஆரம்பத்துல மை ஏத்தின முக்கியமான கை இவரோடது, ஆனா பேர் ரொம்ப நாளைக்கு அடிக்குறிப்புலதான் இருந்துச்சு. படம் வரைஞ்சவன் பேர் முன்னாடி, வெளியிட்டவங்க பேர் அடுத்து, அடிச்சவன் பேர் எங்கயோ. தொழில் வழக்கம்தான், ஆனாலும் கடுப்பா இருக்கு. அந்த ஓவியருங்கள்ல பல பேர் கல்லுன்னா என்னன்னே தெரியாம வந்தவங்க, கல்லுல இதெல்லாம் பண்ணலாம்னு காட்டினது யாரு?

இன்னொண்ணும் இருக்கு. பிளாக்பர்ன் அங்க போகும்போது வெறும் தொழிலாளியா போகல. பத்து வருஷம் தன் ஒர்க்ஷாப்ல வர்றவன் போறவனோட எல்லாம் கலரைக் குழைச்சு, தப்பு பண்ணிப் பார்த்துக் கத்துக்கிட்டதைக் கொண்டு போனார். இலவசமா நடந்த ஒரு இடத்துல சேர்ந்த அறிவு, பின்னாடி லட்சக்கணக்குல விலை போற சரக்கா மாறுச்சு. திரும்பி ஒர்க்ஷாப்புக்கு என்ன வந்துச்சுன்னா, அவர் வாங்கின சம்பளம், அதுல பிரஸ்ஸுக்கு வாடகை. இந்தக் கணக்கைத்தான் யாரும் எழுத மாட்டேங்கிறாங்க.

திரும்பி வந்தப்புறம்

1963ல திரும்பி வந்து முழுசா ஒர்க்ஷாப்புக்கே உட்கார்ந்துட்டார். லித்தோவோட, உலோகத் தட்டுல ஆசிட் வச்சு அரிச்சுப் பண்ற எட்சிங், வுட்கட்னு எல்லாம் சேர்ந்துச்சு. காலேஜ்கள்ல பாடம் எடுத்து அந்தக் காசுல சமாளிச்சார். 1971ல லாப நோக்கமில்லாத அமைப்பா பதிவு பண்ணாங்க, அப்பதான் அரசாங்க மானியம், ஃபவுண்டேஷன் பணம்னு கேட்க வழி வந்துச்சு. அங்க வேலை பண்ணவங்க பேர் எடுத்தா ரோமேர் பியர்டன், ஃபெய்த் ரிங்கோல்ட், எம்மா ஏமோஸ், கமீல் பில்லப்ஸ், வின்சென்ட் ஸ்மித், மெல் எட்வர்ட்ஸ், ஓட்டோ நீல்ஸ், சூடான்ல பிறந்த முகமது ஓமர் கலீல்... நீளமா போகும். ஆனா பேர் தெரிஞ்சவங்களை மட்டும் சொன்னா அந்த இடத்தோட நிஜமே தப்பிப் போயிடும். அவங்க பக்கத்து டேபிள்லயே முதல் தடவையா மையைத் தொடுற ஸ்கூல் பொண்ணு, ரிட்டயர் ஆன ஆள், லத்தீன் அமெரிக்காவுல இருந்து நேத்து வந்து இறங்கினவங்கன்னு இருப்பாங்க. காசு கொடுக்க முடியாதவங்களை அனுப்பறது கிடையாது. ஸ்கூலுக்கும் கம்யூனிட்டி சென்டருக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு தனியா இருந்துச்சு. மூன்றாம் உலகக் கலைஞர்களுக்குன்னு ஒரு ஃபெலோஷிப் வச்சாங்க, எதுவுமே இல்லாத இளம் ஆட்களுக்கு பிரஸ்ல நேரமும் சாமானும் கிடைச்சுச்சு.

அங்க அடிக்கிறவங்க ஒர்க்ஷாப்புக்கு ஒரு பிரதி விட்டுட்டுப் போற வழக்கமும் இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா பிரமாதமான ஏற்பாடு, காசு இல்லாதவனும் ஒரு பிரதி கொடுக்கலாம்ல. இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஆயிரக்கணக்குல ஆச்சு. அதுல இருந்து கண்காட்சிகள் கட்டி ஊர் ஊரா அனுப்பினாங்க, மியூசியம் பக்கமே போகாத ஜனங்க பார்த்தாங்க. அதுல கிட்டத்தட்ட 2,500 பிரிண்ட் 1990கள்ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கே போய்ச் சேர்ந்துச்சு. பெரிய கேலரி எதுவும் அன்னைக்கு சீண்டாத எத்தனையோ கறுப்பின, லத்தீன், ஆசிய, பெண் கலைஞர்களோட வேலை இன்னைக்கு ஒரு தேசிய சேகரிப்புல பத்திரமா இருக்குன்னா அதுக்கு இந்த ஒரு பிரதி வழக்கம்தான் காரணம். மத்த எல்லா சாதனையையும் விட எனக்கு இதுதான் பெருசா படுது.

1978ல மொராக்கோவுல அசிலான்னு ஒரு கடலோர ஊர்ல கலைத் திருவிழா ஆரம்பிச்சப்ப, அங்க அச்சுப் பட்டறை அமைக்கவும் பிளாக்பர்ன் கை கொடுத்தார். அந்த அசிலாவுக்குப் போய் சொல்லிக்கொடுத்தவங்கள்ல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் உண்டு, கிருஷ்ண ரெட்டி. சித்தூர் மாவட்டத்துல பிறந்து, சாந்திநிகேதன்ல படிச்சு, 1940களோட கடைசியில சென்னை கலாக்ஷேத்ராவுல ஓவியப் பிரிவைப் பார்த்துக்கிட்டவர், அப்புறம் பாரிஸ், அப்புறம் நியூயார்க். ஒரே தட்டுல பல கலர் மையை அதோட பிசுபிசுப்பு வித்தியாசத்தை வச்சே ஏத்தற முறையில உலகப் பேர் வாங்கினவர். அவரைப் பத்தி எழுதணும்னா தனியா எழுதணும்.

சரி, சொந்த வேலை என்ன ஆச்சு?

இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நேர்மையா சொன்னா, அடி வாங்குச்சு. அவரோட ஐம்பதுகள் கடைசி, அறுபதுகள் ஆரம்பத்து லித்தோக்கள், 1960ல 'ஃபோ பா', 1961ல 'ஹெவி ஃபார்ம்ஸ்', இதெல்லாம் அன்னைக்கு அமெரிக்காவுல யாரு பண்ண அருவ லித்தோவோட வேணா பக்கத்துல வைக்கலாம். கனமான வடிவங்க ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், கலருக்கு அடியில இன்னொரு கலர் மூச்சு விடும். ஆனா பல படங்களுக்கு முழு எடிஷனே கிடையாது, சில பிரதியோட நின்னுடும். முழுசா எடிஷன் அடிக்கணும்னா நாள் கணக்குல பிரஸ்ஸைப் பிடிச்சு வைக்கணும், பிரஸ்ல எப்பவும் வேற யாரோ இருந்தாங்க.

அதுக்காக எதுவுமே நிக்கல. பின்னாடி வுட்கட் பக்கம் போனார், 1984ல பண்ண 'வுட்ஸ்கேப்' அந்த வகை. மரத்தோட ரேகையே கோடா வருது. கல்லைத் தேய்ச்சு, ஆள் பிடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள அடிக்கணும்ங்கிற அவசரம் மரத்துல இல்ல, விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஒர்க்ஷாப் வாழ்க்கைக்கு ஒத்துவர்ற மாதிரி கலையையே மாத்திக்கிட்டார்னு நான் படிக்கிறேன். சில விமர்சகர்கள் இதை இழப்புன்னு பார்க்கிறாங்க, இழப்பு இருக்கத்தான் செய்யுது. ஆனா ஒர்க்ஷாப் இல்லாம இருந்திருந்தா அந்த 'ஹெவி ஃபார்ம்ஸ்' வந்திருக்குமான்னு யாரும் கேட்கல. பார்னெட்டோட சேர்ந்து பழகின கலர், லாரி ரிவர்ஸ் மாதிரி ஆளுங்களோட நின்னு பார்த்தது, பேரே தெரியாத யாரோ தப்பா ஏத்தின மை, எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

2001

1992ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைச்சுச்சு, அமெரிக்காவுல ஜீனியஸ் கிராண்ட்னு சொல்றது. 71 வயசு. பேர் வந்துச்சு, மரியாதை வந்துச்சு, ஆனா ஒர்க்ஷாப்போட பணக் கஷ்டம் தீரல. செல்சீ அந்தப் பத்து வருஷத்துலதான் கேலரிகளோட ஏரியாவா மாறுச்சு, வாடகை எகிறிடுச்சு. அரசாங்கக் கலை மானியமும் தொண்ணூறுகள் நடுவுல அமெரிக்காவுல பயங்கரமா வெட்டுப்பட்டுச்சு. 2001ல மூட வேண்டியதா போச்சு. 2003 ஏப்ரல்ல அவரும் போயிட்டார், 82 வயசு.

இதுல யாரைக் குத்தம் சொல்றது? அவர் கணக்கு வழக்குல கறாரா இல்லைங்கிறது உண்மை, எல்லாருக்கும் கதவு தொறந்தா கல்லாப்பெட்டி அப்படித்தான் இருக்கும். ஆனா என் பார்வையில தப்பு வேற இடத்துல. 1953ல ஆள் இல்லாமயே ஓடின இடம், தொண்ணூறுகள்ல அவரைச் சுத்தியே நின்னுக்கிட்டிருந்துச்சு. 1971க்கு அப்புறம் மானியம் கொடுத்தவங்க பெரும்பாலும் ஃபெலோஷிப்புக்குக் கொடுத்தாங்க, கண்காட்சிக்குக் கொடுத்தாங்க, வாடகைக்குக் கொடுக்கல, கல்லைத் தேய்க்கிற ஆளோட மாசச் சம்பளத்துக்குக் கொடுக்கல. டபிள்யூபிஏ கொடுத்தது சரியா அதைத்தான். விருது கொடுக்க எல்லாருக்கும் பிடிக்கும், கரண்ட் பில் கட்ட யாருக்கும் பிடிக்காது, நம்ம ஊர்லயும் இதே கூத்துதான்.

நல்லவேளை, அத்தோட முடியல. எலிசபெத் ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்ங்கிற அமைப்பு பொறுப்பை ஏத்துக்கிட்டு, 2005ல மன்ஹாட்டன் 39வது தெருவுல அவர் பேர்லயே ஒர்க்ஷாப்பை மறுபடி தொறந்துச்சு. தனி ஆள் கையில இருந்து ஒரு நிறுவனத்துக்குள்ள ஒரு பகுதியா மாறிடுச்சு. பழைய ஆளுங்க சிலருக்கு அந்தப் பழைய கலகலப்பு இல்லையேன்னு குறை இருக்கலாம், ஆனா கதவு பூட்டிக் கிடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

அவர் வேலையைப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தோட இணையதளத்துல பேர் போட்டுத் தேடுங்க. 'ரெஃப்யூஜீஸ்', 'கேர்ள் இன் ரெட்', 'ஹெவி ஃபார்ம்ஸ்', 'வுட்ஸ்கேப்' நாலையும் எங்க கிடைச்சாலும் வருஷ வரிசையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பார்த்துட்டு அதே சேகரிப்புல அவர் ஒர்க்ஷாப்ல அடிச்ச மத்தவங்க படத்தையும் புரட்டுங்க, ஏன்னா அவருதை மட்டும் தனியா பார்த்தா பாதிதான் பார்த்திருப்பீங்க.